கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் பாடம்

"சீனி தின்றால் வயிற்றில் பூச்சி வரும்" என்று பேரப்பிள்ளையை அதட்டாத பாட்டி எமது தோட்டங்களில் இல்லை. பிள்ளை தூக்கத்தில் பல்லைக் கடித்தாலும் பூச்சி, வயிறு உப்பினாலும் பூச்சி, சோறு வேண்டாம் என்றாலும் பூச்சி. பாட்டியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். பிள்ளையின் வயிற்றில் பூச்சி இருக்கலாம் என்பதில் அவர் பிழை விடவில்லை. அது எந்த வழியால் வந்தது என்பதில்தான் பிழை விடுகிறார். அந்த வழியை அவருக்கு ஒருவரும் காட்டவில்லை. அவருடைய பேரப்பிள்ளைக்கும் நாம் இன்னும் சரியாகக் காட்டவில்லை என்பதே எமது கவலை.

கண்டியைச் சூழவுள்ள தோட்டப் பாடசாலைகளிலும் கிராமப் பாடசாலைகளிலும் தரம் 3 முதல் தரம் 7 வரை கற்பிக்கும் ஆசிரியர்களையும், முன்பள்ளிகளையும் பிள்ளைக் காம்பராக்களையும் நடத்துவோரையும், மாலை வகுப்பு எடுக்கும் இளைஞர்களையும் மனதிற்கொண்டு இந்தப் பாடம் எழுதப்படுகிறது. கிருமி பற்றிய பாடத்தை நாம் பூச்சியிலிருந்து தொடங்குகிறோம். அதற்குக் காரணம் உண்டு. பற்றீரியாவையும் வைரசையும் பிள்ளை ஒருநாளும் கண்டதில்லை. "உன் கையில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கின்றன" என்று சொன்னால், சேர் சொல்கிறார் என்பதற்காகத் தலையாட்டும்; வகுப்பு முடிந்ததும் மறந்துவிடும். ஆனால் வட்டப்புழுவைத் தோட்டத்துப் பிள்ளை கண்டிருக்கும், அல்லது கண்டவர் சொல்லக் கேட்டிருக்கும். கண்ட புழுவிலிருந்து காணாத முட்டைக்கும், காணாத முட்டையிலிருந்து அதனினும் சிறிய கிருமிக்கும் படிப்படியாகக் கூட்டிச் செல்லலாம்.

மருந்து கொடுத்த பதினொரு ஆண்டுகள்

முதலில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்வோம். 1992ஆம் ஆண்டு இலங்கையின் பெருந்தோட்டப் பகுதிகளில் ஓர் ஆய்வு நடந்தது. 3 முதல் 12 வயது வரையான பிள்ளைகளினதும் பிள்ளைபெறும் வயதுப் பெண்களினதும் மலம் சோதிக்கப்பட்டது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குடற்புழு இருந்தது. பத்துப் பிள்ளைகளில் ஒருவர்தான் தப்பியிருந்தார் என்று இதற்குப் பொருள். 1994இல் 3 முதல் 18 வயது வரையான தோட்டப் பிள்ளைகள் அனைவருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை பூச்சிக்குளிசை கொடுக்கும் திட்டம் தொடங்கியது. அது 2005 வரை தொடர்ந்தது. அன்று குளிசை விழுங்கிய பிள்ளைகள் பலர் இன்று தாங்களே தாய் தகப்பன்மாராக இருக்கிறார்கள்.

திட்டம் நின்று 4 ஆண்டுகளின் பின் மறுபடியும் பார்த்தார்கள். கண்டி, நுவரெலியா உட்பட ஐந்து மாவட்டங்களில் 114 பாடசாலைகளைச் சேர்ந்த 1,890 பிள்ளைகளின் மலம் சோதிக்கப்பட்டது. நூற்றுக்கு 29 பேரிடம் புழு இருந்தது. 11.6 வீதமானோரிடம் அது நடுத்தர அளவிலோ கடுமையாகவோ இருந்தது. தொண்ணூறிலிருந்து இருபத்தொன்பதுக்கு இறங்கியதைத் தோல்வி என்று சொல்ல முடியாது. ஆனால் பதினொரு ஆண்டுகள் குளிசை விழுங்கிய ஒரு சமூகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளைக்கு இன்னும் புழு என்றால், புழு வரும் வழி அடைபடவில்லை என்பதும் தெளிவு.

இந்த ஆய்வில் ஆசிரியர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் சோதித்த பிள்ளைகளிடம் கொக்கிப்புழு காணப்படவில்லை. வட்டப்புழுவும் சாட்டைப்புழுவும் ஐந்து மாவட்டங்களிலும் இருந்தன. ஏன் இந்த வேறுபாடு? கொக்கிப்புழுவின் குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உடலுக்குள் போவது. அது வளர இளஞ்சூடான மண் வேண்டும். மலைக்குளிர் அதற்கு ஆகாது. காலில் செருப்பிருந்தால் அதன் பாதை பெரும்பாலும் அடைபட்டுவிடும். வட்டப்புழுவுக்கும் சாட்டைப்புழுவுக்கும் காலால் வேலையில்லை. அவற்றின் முட்டைகள் கையிலும் கீரையிலும் தண்ணீரிலும் ஒட்டி வாய்வழியாக உள்ளே போகின்றன. செருப்பு வாங்கிக் கொடுப்பதனால் இந்த இரண்டையும் தடுக்க முடியாது.

இது புதிதாய்க் கண்ட உண்மையும் அல்ல. 1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனம் கொக்கிப்புழுவை ஒழிக்கவென்று எமது அயலிலுள்ள மாத்தளைத் தோட்டங்களில் வேலை தொடங்கியது. தைமோல், கெனோபோடியம் எண்ணெய் போன்ற கடுமையான மருந்துகள் தொழிலாளருக்குக் கொடுக்கப்பட்டன. அவற்றைக் குடித்தவர்கள் பட்ட பாடு பெரிது. புழு விழுந்தது, ஆனால் மலசலகூடம் கட்டுவதற்குத் தோட்டத்துரைமார் பலர் செலவைக் காட்டிப் பின்னின்றார்கள். ஆகவே மருந்து குடித்தவர் திரும்பவும் அதே மண்ணை மிதித்தார், அதே புழுவைத் திரும்பவும் பெற்றார். நூறு ஆண்டுகளுக்கு முன் மாத்தளையில் படித்த பாடத்தை நாம் இரண்டாம் முறையும் படித்துக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னால் தவறாகாது.

முட்டை போகும் வழி

வகுப்பில் சொல்லுமுன் ஆசிரியர் தாமே இதைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். வட்டப்புழு வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த நிறத்தில் 15 முதல் 35 சென்றிமீற்றர் வரை நீளமாக வளரும். பிள்ளையின் அடிமட்டத்தைவிட நீளமாகவும் இருக்கலாம். அது சிறுகுடலில் இருந்துகொண்டு பிள்ளை உண்ட உணவில் பங்கு கேட்கும். ஒரு பெண்புழு ஒரு நாளில் 200,000 வரை முட்டையிடும். முட்டைகள் மலத்தோடு வெளியே வருகின்றன. ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் ஏறத்தாழ 15 முட்டைகளை வரிசையாக வைக்கலாம் என்றால் அதன் சிறுமையை ஊகித்துக்கொள்ளுங்கள்.

மலத்தோடு வந்த முட்டை அன்றைக்கே எவருக்கும் நோய் தராது. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் இரண்டு மூன்று கிழமை கிடந்து, அதனுள்ளே குஞ்சு உருவான பிறகுதான் அது ஆபத்தானது. குளிர்ந்த இடத்தில் இன்னும் சில நாள் கூடும். அதன்பின் மண்ணில் ஆண்டுக்கணக்காகவும் உயிரோடு கிடக்கும். தேயிலை மலையின் நிழலும், நீங்காத ஈரமும், லயத்துக்குப் பின்னாலுள்ள கானின் ஓரமும் அதற்கு மிகவும் ஏற்ற இடங்கள். இன்று தம்பி கானோரத்தில் இருந்தது அடுத்த மாதம் அக்காவின் வயிற்றுக்குப் போகும். இடையில் இத்தனை நாள் இருப்பதனால்தான் ஒன்றையும் மற்றதையும் எவரும் தொடுத்துப் பார்ப்பதில்லை. நேற்றுத் தின்ற சீனிதான் ஞாபகத்தில் இருக்கிறது. போன மாதம் தொட்ட மண் ஞாபகத்தில் இல்லை.

வாய்க்குள் போன முட்டை குடலில் வெடிக்கிறது. குஞ்சுப்புழு குடற்சுவரைத் துளைத்து, குருதியோடு ஈரலுக்கும் அங்கிருந்து நுரையீரலுக்கும் போகிறது. அப்பொழுது சில பிள்ளைகளுக்கு இருமல் வருவதுண்டு. இருமலோடு தொண்டைக்கு ஏறி, மறுபடி விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து வளர்ந்த புழுவாகிறது. முட்டை வாய்க்குள் போனதிலிருந்து புழு தானே முட்டையிடும்வரை இரண்டு மூன்று மாதம் ஆகும். குளிசை குடலிலுள்ள புழுவை வெளியேற்றும். முற்றத்தில் கிடக்கும் முட்டையை அது ஒன்றும் செய்யாது. குளிசை விழுங்கிய அடுத்த நாளே பிள்ளை மண்ணில் விளையாடிய கையால் ரொட்டி தின்றால் கணக்குப் புதிதாகத் தொடங்குகிறது. இதைப் பெற்றோர் கூட்டத்தில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். "போன தவணைதானே மருந்து குடுத்தீங்க, எப்படி மறுபடியும் வந்தது?" என்று கேட்டுவந்த தாய்மார் உடனே விளங்கிக்கொள்வார்கள்.

முதலாம் பாடம்: பாட்டியின் கேள்வி

கரும்பலகையில் ஒன்றும் எழுதாமல் தொடங்குங்கள். வயிற்றில் பூச்சி எப்படி வருகிறது என்று வீட்டிலே கேட்டு வரும்படி முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் கொண்டுவரும் விடைகளை எல்லாம், சரி பிழை சொல்லாமல், அப்படியே எழுதுங்கள். சீனி, வாழைப்பழம், பழஞ்சோறு, பச்சைத்தண்ணீர், கண்ணூறு என்று ஒரு பட்டியல் வரும். ஒவ்வொன்றையும் எடுத்து, "சீனிக்குள் புழு எங்கே இருந்தது?" என்று கேளுங்கள். பிள்ளைகள் தாங்களே தேடத் தொடங்குவார்கள். வாழைப்பழத்தைத் தின்ற கை எப்படி இருந்தது என்று யாராவது ஒருவர் கேட்டுவிட்டால் அன்றைய பாடம் வெற்றி. கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

முட்டையின் எண்ணிக்கையை விளக்க அரிசி போதும். ஒரு தேக்கரண்டி அரிசியைப் பிள்ளைகளை எண்ணச் சொல்லி, அதிலிருந்து ஒரு கிலோவுக்குக் கணக்குப் பார்க்கச் செய்யுங்கள். நாற்பதாயிரத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கும் இடையில் வரும். அப்படியானால் ஒரு புழு ஒரு நாளில் இடும் முட்டைகள் நாலைந்து கிலோ அரிசியிலுள்ள மணிகளுக்குச் சமம். இது கணித பாடத்துக்கும் உதவும். எண்ணிய அரிசியைக் கொட்டிவிடாமல் சமையலுக்குக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாம் பாடம்: மஞ்சள்

கண்ணுக்குத் தெரியாத அழுக்கைக் காட்ட வழக்கமாகச் செய்யும் பரிசோதனை ஒன்று, கழுவாத கை பட்ட பாண் துண்டையும் கழுவிய கை பட்ட பாண் துண்டையும் மூடிவைத்துப் பூஞ்சணம் பிடிப்பதைப் பார்ப்பது. எமக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. மலைநாட்டு ஈரத்தில் இரண்டு துண்டிலும் பூஞ்சணம் பிடித்துவிடும். சில வேளை கழுவிய கை பட்டதிலேயே முந்திப் பிடிக்கும். அப்பொழுது பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆசிரியர் விழிப்பார்.

மஞ்சள் அப்படி ஏமாற்றாது. அரைத் தேக்கரண்டி மஞ்சள் தூளைச் சில துளி தேங்காய் எண்ணெயில் குழைத்தால் ஐந்தாறு பிள்ளைகளுக்குப் போதும். மஞ்சள் விற்கும் விலையில் இதைவிடக் கூடுதலாகக் கேட்க எமக்கு மனமில்லை. பிள்ளைகள் அதை உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் எல்லா இடத்திலும் பூசிக்கொள்ளட்டும். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட மறக்க வேண்டாம். வெள்ளைச் சீருடையில் மஞ்சள் பட்டால் தாய்மார் உங்களை இலகுவில் மன்னிக்க மாட்டார்கள்.

ஒரு பிள்ளை கையை வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கட்டும். இன்னொரு பிள்ளை ஓடும் தண்ணீரில் சவர்க்காரமின்றித் தேய்த்துக் கழுவட்டும். மூன்றாவது பிள்ளை கட்டிச் சவர்க்காரம் போட்டு, இருபது வரை ஆறுதலாக எண்ணித் தேய்க்கட்டும். முதலாவது கையில் மஞ்சள் அப்படியே இருக்கும். இரண்டாவது கையில் கொஞ்சம் போயிருக்கும்; எண்ணெய் தண்ணீரை விலக்கிவிடும். மூன்றாவது கையில் பிள்ளைகள் எதிர்பாராத ஒன்று நடக்கும். சவர்க்காரம் பட்ட இடமெல்லாம் மஞ்சள் செந்நிறமாக மாறும். மஞ்சளுக்குக் காரம் பட்டால் சிவக்கும் குணமுண்டு. கட்டிச் சவர்க்காரம் காரமானது. துணி தோய்க்கும் சவர்க்காரத்தில் இது இன்னும் நன்றாகத் தெரியும். போத்தலில் வரும் திரவச் சவர்க்காரம் பலவற்றில் காரம் குறைவு, ஆகவே அதை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

கழுவுமுன் கையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். சிவக்காமல் மஞ்சளாகவே இருக்கும் இடங்கள்தான் சவர்க்காரம் போகாத இடங்கள். பெருவிரலின் பின்பக்கம், விரலிடுக்கு, நகத்தின் ஓரம் என்று பிள்ளைகளே விரல் வைத்துக் காட்டுவார்கள். நாம் வாயால் நூறு முறை சொன்ன இடங்கள் இவை. அன்று அவர்கள் தங்கள் கையிலேயே கண்டுபிடித்ததை மறக்க மாட்டார்கள்.

இரண்டு விடயங்களை ஒளிக்காமல் சொல்லுங்கள். மஞ்சள் கிருமியல்ல, அது கிருமிக்காக நாம் போட்ட வேடம். அடுத்து, சவர்க்காரம் பூச்சி முட்டையைக் கொல்வதில்லை. அந்த முட்டையின் ஓடு தடித்தது, ஒட்டுந்தன்மையுள்ளது. சவர்க்காரம் அதன் பிடியை விடுவிக்கிறது, தேய்ப்பது அதைப் பெயர்க்கிறது, ஓடும் தண்ணீர் அதைக் கொண்டுபோகிறது. மூன்றும் வேண்டும். 2020இல் கொரோனா வந்தபோது எங்கும் வைக்கப்பட்ட மதுசாரக் கைத்தெளிப்பு அந்த வைரசுக்கு நல்லது. வட்டப்புழு முட்டைக்கு அது ஒன்றுமேயில்லை. பிள்ளை "எல்லாக் கிருமிக்கும் ஒரே மருந்து" என்று எண்ணாதிருக்க இந்த வேறுபாட்டைச் சொல்லிவைப்பது நல்லது.

இந்த இடத்தில் பூச்சியிலிருந்து கிருமிக்குத் தாண்டலாம். 1683இல் ஒல்லாந்து நாட்டில் லேவன்ஹுக் என்ற துணி வியாபாரி தாமே தேய்த்துச் செய்த வில்லையின் கீழ் தமது பல்லிடுக்கு அழுக்கை வைத்துப் பார்த்தார். அதனுள்ளே உயிர்கள் நெளிந்து திரிவதைக் கண்டு எழுதிவைத்தார். அவர் பெரிய படிப்புப் படித்தவரல்லர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அருகிலுள்ள பெரிய பாடசாலையில் நுணுக்குக்காட்டி இருந்தால் ஒரு நாள் கூட்டிச் சென்று, பீலித் தண்ணீரில் ஒரு துளியையாவது காட்ட முயலுங்கள். பாடப்புத்தகத்துப் படம் பத்தைவிட அது மேல்.

கிருமிகள் பலவும் பூச்சி முட்டை போகும் அதே வழியால்தான் போகின்றன. 2007இல் கம்பளைப் பகுதியில் ஈரலழற்சி ஏ பரவியது பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும். ஊரில் செங்கமாரி என்றும் மஞ்சட்காமாலை என்றும் சொல்லும் நோயின் ஒரு வகை அது. அந்த வைரசும் மலத்தோடு வெளியேறித் தண்ணீராலும் உணவாலும் கையாலும் வாய்க்குள் போவது. வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் அவ்வாறே. பூச்சியின் வழியை ஒழுங்காகப் படித்த பிள்ளை இந்த நோய்களின் வழியையும் பாதிக்கு மேல் படித்துவிட்டது. சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவதால் மட்டும் வயிற்றோட்டம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைகிறது என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

மூன்றாம் பாடம்: எங்கள் இடத்தின் படம்

பிள்ளைகளை நாலைந்து பேராகப் பிரித்து, தாங்கள் இருக்கும் இடத்தைப் படமாக வரையச் சொல்லுங்கள். லயமும் காம்பராக்களும், முற்றம், கான், பீலி, மலசலகூடம், மாட்டுப்பட்டி, கறித்தோட்டம், பிள்ளைக் காம்பரா, மலைக்குப் போகும் பாதை என எல்லாம் வரட்டும். அதன்பின் சிவப்புப் பென்சிலால் முட்டை போகும் வழியைக் கீறச் சொல்லுங்கள். எங்கிருந்து புறப்படும்? மழை பெய்தால் எந்தப் பக்கம் ஓடும்? யாருடைய கையில் ஏறும்?

மழைத்தண்ணீர் ஓடும் பக்கத்தைப் பிள்ளைகள் எம்மைவிட நன்றாக அறிவார்கள். கானில் கடதாசிக் கப்பல் விட்டவர்கள் அல்லவா. கானோரத்தில் வளரும் வல்லாரையைப் பறித்துச் சம்பல் போடுவதைப் பிள்ளைகளே சொல்வார்கள். வல்லாரை நல்ல கீரை, அதை விடச் சொல்ல வேண்டாம். இலை இலையாகப் பிரித்து ஓடும் தண்ணீரில் நன்றாக அலசவோ, சுண்டி எடுக்கவோ சொல்லுங்கள். சூடு பட்டால் முட்டை சாகும். உப்புத் தண்ணீரில் போட்டுவைப்பதை நம்பியிருக்க வேண்டாம்.

படத்தில் அடிக்கடி வெளிப்படும் இன்னொரு இடம் சின்னஞ்சிறு பிள்ளைகள் இருக்கும் இடம். மலசலகூடம் இருட்டு, குழி பெரிது, பிள்ளை பயப்படும். தாய் காலையிலேயே கொழுந்துக்குப் போய்விட்டாள். ஆகவே மூன்று வயதுத் தம்பி கானோரத்தில் இருக்கிறான். குழந்தையின் மலத்தில் குற்றமில்லை என்று பெரியவர்களும் நினைக்கிறார்கள். உண்மையில் புழு அதிகமாக இருப்பது பிள்ளைகளிடம்தான். அவர்களுடைய மலமே கூடுதலான முட்டையோடு வருகிறது. தம்பியைக் கழுவிவிடும் அக்காவுக்குப் பத்து வயது. அவள்தான் உங்கள் வகுப்பில் இருக்கிறாள். அவள் தம்பியின் மலத்தை மண்வெட்டியால் அள்ளி மலசலகூடத்தில் போட்டு, தன் கையையும் அவன் கையையும் கழுவினால் அந்த லயத்துக்கே நன்மை. 1979இல், சர்வதேச சிறுவர் ஆண்டில், பிள்ளையிலிருந்து பிள்ளைக்கு என்ற பெயரில் இலண்டனில் ஒரு கல்வி முறை தொடங்கப்பட்டது. மூத்த பிள்ளை தான் கற்றதை இளைய பிள்ளைக்குச் செய்துகாட்டுவதே அதன் சாரம். தோட்டத்தில் அக்காமார் அதற்கும் வெகுகாலம் முன்பே பிள்ளை வளர்த்தார்கள். நாம் அவர்களுக்கு அறிவை மட்டும் சேர்த்துக்கொடுக்கிறோம்.

ஓர் எச்சரிக்கை. "யார் வீட்டில் மலசலகூடம் இல்லை, கையைத் தூக்குங்கள்" என்று எந்த வகுப்பிலும் கேட்க வேண்டாம். யாருக்குப் பூச்சி விழுந்தது என்றும் கேட்க வேண்டாம். காலையில் வரிசையில் நிறுத்தி நகம் பார்த்து அடிக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதனால் நகம் சுத்தமாகலாம், ஆனால் பிள்ளை பாடசாலைக்கு வராமலும் போகலாம். தோட்டத்துப் பிள்ளை அழுக்கு என்று பட்டணத்தில் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள். அந்தச் சொல்லை நாமும் சுகாதாரம் என்ற பெயரில் சொல்லிவிடக் கூடாது. பல குடும்பங்களுக்கு ஒரு குழாய், பல குடும்பங்களுக்கு ஒரு மலசலகூடம் என்ற நிலையில் இருப்பவரைப் பார்த்து அழுக்கு என்பது நியாயமும் அல்ல.

தண்ணீர் எங்கே?

கண்டியிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு பாடசாலையில் கை கழுவும் பாடம் நடந்ததைப் பார்த்தோம். படங்கள் அழகாக இருந்தன, பிள்ளைகள் பாட்டும் பாடினார்கள். கடைசியில் கேள்வி உண்டா என்று கேட்டபோது பின்வாங்கிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சேர், பைப்புல ரெண்டு மாசமா தண்ணி வரல்லியே, எதுல கழுவுறது?" என்றான். ஒருவரும் பதில் சொல்லவில்லை. வாயிலில் கொரோனாக் காலத்தில் கட்டிய கைகழுவும் தொட்டி இருந்தது. அதற்குள் காய்ந்த இலைகள் கிடந்தன.

அந்தப் பையனின் கேள்விக்கு விடை இல்லாவிட்டால் மேலே சொன்ன மூன்று பாடமும் வீண். நிரந்தரமான விடை குழாய்த்தண்ணீர்தான். பிள்ளைகள் வரைந்த படத்தின் பிரதியொன்றைப் பெற்றோர் சங்கத்தின் கடிதத்தோடு தோட்ட நிருவாகத்துக்கும், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், பிரதேச சபைக்கும் அனுப்புங்கள். எந்தப் பீலி எந்தக் குழிக்குக் கீழே இருக்கிறது என்று சிவப்புக் கோடு காட்டும் படம் வெறும் மனுவைவிடக் கூடுதலாகப் பேசும். கடிதத்தில் திகதி போட்டு, ஒரு பிரதியைக் கோவையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பெரிய சோடாப் போத்தலொன்றின் அடிப்பக்கத்தில் சூடாக்கிய ஆணியால் ஒரு துளையிடுங்கள். துளையை விரலால் மூடிக்கொண்டு தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்குங்கள். விரலை எடுத்தாலும் தண்ணீர் வராது. மூடியைச் சற்றுத் தளர்த்தினால் மெல்லிய தாரையாக வரும், இறுக்கினால் நிற்கும். காற்றமுக்கம் பற்றிய விஞ்ஞான பாடமும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் மூடியை எல்லோரும் தொடுவதில் ஒரு குறை உண்டு. அதனால் ஒரு பிள்ளையை நாளுக்கொருவராகத் தண்ணீர் திறப்பவராக நியமிக்கலாம். அல்லது சிம்பாப்வே நாட்டில் 1980களில் கண்டுபிடித்த முறையைச் செய்யலாம்: ஐந்து லீற்றர் கலனை ஒரு கம்பில் தொங்கவிட்டு, அதன் கழுத்திலிருந்து கயிறு கட்டி, கீழே ஒரு தடியில் முடியவேண்டும். தடியைக் காலால் மிதித்தால் கலன் சாய்ந்து தண்ணீர் ஊற்றும். கை எதிலும் படாது. சவர்க்காரத்தைப் பழைய காலுறையில் போட்டுப் பக்கத்தில் கட்டிவிட்டால் காகமும் கொண்டுபோகாது, கானுக்குள்ளும் விழாது. கழுவிய தண்ணீர் தேங்கினால் நுளம்பு பெருகும். கீழே கொஞ்சம் கல்லும் மணலும் போட்டு, பக்கத்தில் ஒரு வாழைக்கன்று நடுங்கள்.

எந்த நேரத்தில் கழுவ வேண்டும் என்று நீண்ட பட்டியல் கொடுக்க வேண்டாம். மலசலகூடம் போய்வந்த பின், சாப்பிடுமுன், இந்த இரண்டும் பாடசாலையில் தவறாமல் நடந்தால் போதும். இடைவேளை மணிக்கு ஐந்து நிமிடம் முன்பாகக் கை கழுவும் மணி அடிக்கும்படி அதிபரிடம் கேளுங்கள். அந்த ஐந்து நிமிடம் இல்லாவிட்டால், பசித்த பிள்ளை வரிசையில் நிற்காது. ஆசிரியர்களும் அதே வரிசையில் நின்று கழுவ வேண்டும்.

பூச்சிக்குளிசையை இந்தப் பாடத்தோடு சேர்த்துக்கொள்ள விரும்பினால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையுடன் பேசி நாள் குறியுங்கள். கடையில் வாங்கி நீங்களாகக் கொடுக்க வேண்டாம். குளிசை கொடுக்கும் நாளுக்கு முன்பே மூன்று பாடங்களும் முடிந்திருப்பது நல்லது.

தவணை இறுதியில் இதற்குப் பரீட்சை வைக்க வேண்டாம். கை கழுவுவதன் நன்மைகள் ஐந்து எழுதுக என்றால் எல்லாப் பிள்ளைகளும் எழுதுவார்கள், தொட்டிக்குள் காய்ந்த இலை கிடந்தாலும் எழுதுவார்கள். தவணை தொடங்கும்போது எத்தனை கட்டிச் சவர்க்காரம் வாங்கினீர்கள், முடியும்போது எத்தனை தேய்ந்து தீர்ந்தது என்று வகுப்புக் கொப்பியில் பிள்ளைகளே பதிந்து வரட்டும். ஒரு மாதத்தில் ஒரு கட்டியும் தேயவில்லை என்றால் பிள்ளைகளைக் கோபிக்கு முன் போத்தலில் தண்ணீர் இருந்ததா, அதை நிரப்பும் முறை யாருடையது, பீலியிலிருந்து வாளி தூக்கி வருவது எந்தப் பிள்ளை என்று போய்ப் பாருங்கள்.